பால் சேராத பாஸ்தா

எட்டு வாரக் குழந்தையின் டயப்பரில் மறுபடியும் ரத்தக் கோடு. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். என் புத்தி அப்படி.

பாலில் இருக்கும் ஏதோ ஒன்று குழந்தையின் குடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தாய் சாப்பிடுவது தாய்ப்பால் வழியாகப் போகிறது, அதனால் என் மனைவி பால், தயிர், வெண்ணெய், சீஸ் எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரத்தில் ரத்தம் குறைந்தது. இவளோ எலும்பும் தோலுமாகிவிட்டாள். பார்க்கச் சகிக்காமல், அவளுக்குப் பிடித்த பாஸ்தாவைப் பால் இல்லாமல் செய்ய ஆரம்பித்தேன்.

பதினைந்து வருடமாக ஓர் அலுவலகக் கேன்டீனில் சமையல்காரன் நான். கிரீமும் சீஸும் வழிய ஓவனில் சுட்டெடுக்கும் பாஸ்தாதான் அங்கே என் மானத்தைக் காப்பாற்றுகிறது. அதில் பாலைக் கழிப்பது லேசான காரியமில்லை. ஓட்ஸ் பால் கஞ்சியாகிப் போனது. தேங்காய்ப்பால் இனித்தது. கடைசியில் ஊறவைத்த முந்திரியையும் வெந்த காலிஃபிளவரையும் மையாக அரைத்து, எண்ணெயில் வறுத்த மாவோடு கிளறினேன். சீஸுக்குப் பதிலாக ரொட்டித்தூளை எண்ணெயில் பிசிறி மேலே தூவினேன். ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் கண்ணாடி போட்டுப் படித்தேன். அவள் வழித்துச் சாப்பிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ரத்தம் திரும்பி வந்துவிட்டது.

"வெளியில ஏதாவது குடிச்சியா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"ஒரு வாய் டீ? பக்கத்து வீட்டுல?"

அவள் குழந்தையின் டயப்பரை மாற்ற ஆரம்பித்தாள். நானும் விடவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு, அவள் காதுபடவே, "திருட்டுத்தனமா ஏதோ குடிக்கிறா போல, டாக்டர்" என்றேன். வாரக் கடைசிக்குள் நிற்காவிட்டால் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேருங்கள், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்றார் அவர்.

"இனிமே நீங்க செய்றதை மட்டும்தான் சாப்பிடுவேன். அப்பவாவது நம்புவீங்கல்ல," என்றாள் மனைவி.

மூன்று வேளையும் அந்தப் பாஸ்தாவையே தின்றாள். நான்கே நாளில் கோடு திட்டாக மாறியது. குழந்தைக்கு வாய்விட்டு அழக்கூடத் தெம்பில்லை, முனகியது. மறுநாள் காலை ஆஸ்பத்திரி. என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் பாஸ்தாவையே வேகவைத்தேன்.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் முந்திரி விழுதைக் கிளறி, உப்புப் பார்த்து, ட்ரேயை எடுத்து வைத்தேன்.

"இப்ப ட்ரேயில என்ன தடவினீங்க?"

குனிந்து பார்த்தேன். என் கையில் பிரஷ். மேடைமேல், கேன்டீனிலும் வீட்டிலும் எப்போதும் என் வலக்கைப் பக்கமே இருக்கும் சின்னக் கிண்ணம். ட்ரேயை எடுத்தால் கை தானாக அதற்குள் போய்விடும். ஃபிரிட்ஜைக் காலி செய்த அன்று சீஸைத் தூக்கி எறிந்தேன், தயிரை எறிந்தேன். இந்தக் கிண்ணம் என் கண்ணிலேயே படவில்லை. எனக்கு அது தின்கிற பொருளே இல்லை, கரண்டி மாதிரி ஒரு சாமான்.

அதில் இருந்தது உருக்கிய வெண்ணெய்.

கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்தாள். கத்துவாள் என்று நின்றேன். கத்தியிருந்தால் தேவலை. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணீர் அதன் சட்டையில் விழுந்தது.

"டாக்டருக்குப் போன் போடுங்க," என்றாள். "திருட்டுத்தனமா கொடுத்தது யாருன்னு சொல்லுங்க. நான் கேக்கணும்."

போனை எடுத்தேன். வெண்ணெய்ப் பிசுக்கில் விரல் வழுக்கி வழுக்கி, எண் தப்புத்தப்பாக விழுந்தது.