அரோவானா தொட்டியில் ஒரு தலைப்பிரட்டை

துடியலூரில் கந்தப்பன் கட்டிய வீட்டின் கூடத்தில் ஆள் படுக்கும் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் நீந்திய அரோவானா, மருமகள் மோகனப்பிரியா வலதுகால் எடுத்துவைத்து வந்த மறுநாளே செத்து மிதந்தது. வாஸ்து மீன் செத்தால் வீட்டுக்கு வந்த கெடுதலைத் தன்மேல் வாங்கிக்கொண்டு போயிற்று என்பார்கள். அந்தக் கெடுதல் யாரென்று தேட வேண்டுமா என்ன? வீட்டுக்குப் புதிதாக வந்தவள் ஒருத்திதானே. கந்தப்பனின் அக்கா குழந்தையம்மாள் வரும்போதெல்லாம் காலித் தொட்டியைப் பார்ப்பாள், பிறகு மோகனப்பிரியாவைப் பார்ப்பாள், "எல்லாம் வந்த நேரமுங்க" என்று பொதுவில் போட்டுவைப்பாள். கேட்டுக் கேட்டு மோகனப்பிரியாவுக்குக் காது புளித்துவிட்டது.

ஜோசியர் நல்ல நேரம் சொல்லும்வரை அடுத்த மீன் இல்லை என்று தொட்டி சும்மா கிடந்தது. சும்மா கிடப்பது எனக்கு என்று அவள் முடிவு செய்தாள். ஆடிக்குக் கோபிசெட்டிபாளையம் பிறந்த வீட்டுக்குப் போனவள், நாற்று நட்ட வயலிலிருந்து ஒரு வாளித் தலைப்பிரட்டைகளோடு திரும்பி வந்தாள்.

"மீன் இருந்த எடத்துல தவளையா?" கந்தப்பன் முகத்தைச் சுளித்தார்.

"மீன் வர்ற வரைக்கும் காலியாத்தானுங்களே மாமா கெடக்குது."

கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் மேல் இருக்கும் பெருமை சொந்தப் பிள்ளைகள் மேல்கூட இருக்காது. போர் தண்ணீர் பாத்திரம் கழுவ, சிறுவாணி விருந்தாளிக்கு. மோகனப்பிரியாவும் வந்தவர்களுக்குக் குறை வைக்கக் கூடாதென்று குழாயில் சிறுவாணி பிடித்துத் தொட்டியை நிரப்பி, வயல் தண்ணீரை வடித்துவிட்டு எல்லாவற்றையும் அதில் விட்டாள். விடிந்து பார்த்தால் அத்தனையும் மல்லாந்து கிடந்தன. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் வாளியைக் கழுவப் போனபோது, அடியில் தங்கிய வயல் தண்ணீரில் ஒன்றே ஒன்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. எல்லாம் ஒரே வயலில் பிறந்தவைதான், தண்ணீர்தான் வேறு. குழாய்த் தண்ணீரில் கிருமி சாகப் போடும் மருந்து இவற்றையும் கொன்றிருக்கிறது. கூடவே இன்னொன்றும் தோன்ற, நேரே கணவனிடம் போனாள்.

"ஏனுங்க, நம்ம கல்யாணத்தப்ப மீன் தொட்டிக்கு யாருங்க தண்ணி மாத்துனது?"

கதிர்வேல் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பாதான். ஊட்டுக்குச் சனம் வருதுன்னு, போர் தண்ணியெல்லாம் எறைச்சுப்போட்டு சிறுவாணி ரொப்புனாரு." சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "அம்மணி, இதைப் போயி அப்பாகிட்டக் கேட்டுப்போடாத."

அவள் கேட்கவில்லை. பிழைத்த ஒன்றை வளர்த்துக் காட்டாமல் விடுவதில்லை என்று மட்டும் வைராக்கியம் பிடித்துக்கொண்டது. தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து, மருந்து போன பிறகே தொட்டியில் ஊற்றினாள். சிறுகீரையை வேகவைத்துப் போட்டாள். பின்னங்கால் முளைத்தது, பிறகு முன்னங்காலும். ஏறி மூச்சுவிட ஒரு செங்கல்லைச் சாய்த்து வைத்தாள். வால் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஜோசியரின் நல்ல நேரம் வந்து சேர்ந்தது. ஆவணி வெள்ளிக்கிழமை கந்தப்பன் புது அரோவானாவைக் காற்றடைத்த கவரில் கொண்டுவந்தார். குழந்தையம்மாள் மல்லிகைப்பூவோடு வந்து உட்கார்ந்தாள். மோகனப்பிரியா காபித் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தபோது, மாமனார் சிறுவாணிக் குழாயில் மாட்டிய டியூபைத் தொட்டிக்குள் விடப் போனார்.

அவள் தட்டை வைத்துவிட்டுப் போய்க் குழாயை மூடினாள்.

"அம்மணி, நேரம் போகுது. அந்தத் தவளையத் தூக்கி வெளிய போடு."

"போட மாட்டேனுங்க மாமா."

கந்தப்பனுக்கு மறுபேச்சு கேட்டுப் பழக்கமில்லை. குழந்தையம்மாள்தான் ஆரம்பித்தாள். "ஒரு மீனு நீ வந்த நேரத்துல போச்சு கண்ணு. இதையாச்சும் உடு."

"நான் வந்ததுல போகலைங்க." மோகனப்பிரியா டியூபைக் காட்டினாள். "சொந்தக்காரங்க வர்றாங்கன்னு மாமா குழாயில புடிச்சு ஊத்துன சிறுவாணியில போச்சுங்க. நான் கொண்டாந்த தலைப்பிரட்டையும் அதுலதான் செத்துச்சு. இந்த ஒண்ணு வாளியில மாட்டுனதால தப்பிச்சுதுங்க. நம்பலீன்னா இப்பவும் தொறந்து உடுங்க மாமா. உங்க மீனை அதுல உட்டுப்போட்டு நாளைக்கு வந்து பாருங்க."

போனோடு வாசற்படியில் நின்ற கதிர்வேல் சுவரைப் பார்த்தான். கவருக்குள் அரோவானா திரும்பிக்கொண்டது. கந்தப்பன் கையிலிருந்த டியூபையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்றும் அதைப் பிடித்து நின்றவர் அவர்தான். நல்ல நேரம் கடந்துகொண்டிருந்தது. அவர் குழாயைத் திறக்கவில்லை.

"அப்ப இதை எங்க உடறது?" என்றார் கடைசியில், கவரைத் தூக்கிப் பிடித்து.

"பின்னால டிரம்முல போர் தண்ணி இருக்குதுங்க. இன்னைக்கு அதுல உடுங்க. நாளைக்கு உங்க ஆபீஸுக்குக் கொண்டுபோயி வேற தொட்டியில உடுங்க. இந்தத் தொட்டி எனக்குங்க."

அவர் கவரோடு பின்கட்டுக்கு நடந்தார். குழந்தையம்மாளுக்கு மனசு ஆறவில்லை. செங்கல்மேல் ஏறி உட்கார்ந்திருந்த தவளைக்குஞ்சைக் கண்ணாடி வழியே முறைத்தாள்.

"வாலு உதுந்தா இது தாவி ஓடிப்போயிரும் பாரு. அப்பறம் என்ன பண்ணுவ?"

"போகட்டுங்க பெரியம்மா. கோபி வயலுக்கு நானே கொண்டுபோயி உடறேன்." மோகனப்பிரியா ஆறிய காபியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "தொட்டி இங்கயேதானுங்க இருக்கும். நானும் இங்கயேதானுங்க இருப்பேன்."