ஆறு பிளக்

லாரியின் முகப்பில் செருகிச் சுற்றிய கைப்பிடி திருப்பி அடித்தது. வெள்ளைத்துரை துள்ளி விலகி மணிக்கட்டை உதறினான். லாரி ஒருமுறை இருமி, புகைக்குழாயில் டப்பென்று வெடித்து, அடங்கிவிட்டது.

"இந்த வருசம் மொத வெடி சங்கிலிமுத்து வண்டிதாம்லே" என்றான் கூட்டத்தில் ஒருவன். சிரிக்கக் கூடாத இடத்தில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

வீட்டுக்குள் புருஷன் சங்கிலிமுத்துவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சோலையம்மாளுக்கு அந்தச் சத்தமே போதுமாக இருந்தது. பெட்ரோல் அதிகமாகிவிட்டது. இனி எத்தனை சுற்று சுற்றினாலும் கிளம்பாது.

மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் லாரி அது. பதினாறு வருடம் அச்சாபீஸ்களிலிருந்து காகிதக் கட்டு ஏற்றிய வண்டி. "என் வண்டிய எவனாச்சும் கயிறு கட்டி இழுத்துப் பாத்துருக்கியா?" என்று, குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும், சங்கிலிமுத்து தெருவில் கேட்பார். மதுரை ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த எட்டு நாளும் வண்டி நாரணாபுரத்து வாசலில் ஐப்பசி மழையில் நின்றது. நேற்றுச் சாயங்காலம் அவரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

அவருடைய அய்யாவைப் புதைத்த ஏழாயிரம்பண்ணைக்குத்தான் அவரையும் கொண்டுபோக வேண்டும். தீபாவளிக்கு ஐந்து நாள். லோடு ஏற்றும் வண்டியில் சீசன் நேரத்தில் பிணம் ஏற்ற ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. மிச்சம் இருந்தது அவருடைய வண்டிதான்.

வாசலில் வெள்ளைத்துரை செல்போனில் கத்தினான். "டிரெய்லரு லோடுல மாட்டிக்கிச்சா? சரி, டிராக்டர மட்டும் கொண்டாலே முனியராஜு. நல்ல கயிறாக் கொண்டா. அண்ணன வண்டியில ஏத்தி அப்படியே இழுத்துட்டுப் போயிருவோம்."

சோலையம்மாள் குனிந்து பார்த்தாள். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியால், சங்கிலிமுத்து ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டவர் போல இருந்தார். அவள் எழுந்தாள்.

"எங்க தாயி எந்திரிக்க?" பக்கத்தில் இருந்த சின்னம்மா சுப்புத்தாய் முந்தியைப் பிடித்தாள். "நீ இப்ப எந்திரிக்கக் கூடாது."

"வண்டி இருமுது சின்னம்மா."

"வண்டி இருமுனா உனக்கென்ன?"

அவள் முந்தியை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டம் விலகியது. பானெட் திறந்திருந்தது. வெள்ளைத்துரை சின்ன பாட்டிலில் பெட்ரோலோடு கார்புரேட்டருக்கு மேல் குனிந்திருந்தான்.

"ஊத்தாதீக தம்பி! திரும்ப வெடிச்சா மூஞ்சி போயிரும். வாசலுக்கு வாசல் வெடிக்குச் சுத்துன காகிதக் குழாய் கெடக்கு, பாக்கலியா?"

"என்ன மதினி, நீங்க எதுக்கு வந்தீக? இது செத்த வண்டி."

"ஆக்சிலேட்டர எம்புட்டுத் தடவ மிதிச்சீக?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஒரு... முப்பது இருக்கும்."

"குடிக்க மாட்டேங்குற பிள்ளைக்குப் பால் புகட்டுற மாதிரியா? பிளக்கக் கழட்டுங்க. ஆறையும்."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவன் ஸ்பேனரை எடுத்துவிட்டான். ஒவ்வொரு பிளக்கும் கறுத்துச் சொதசொதவென்று வந்தது. பெட்ரோலில் நனைந்த பிளக்கில் பொறி எங்கே வரும்? மழைக்காலத்துக் காலைகளில் சங்கிலிமுத்து ஆறையும் கழற்றி அடுப்படிக்குக் கொண்டுவருவார். தோசைக்கல்லில் போட்டு, இடுக்கியால் புரட்டிப் புரட்டி அவள் வறுத்துக் கொடுப்பாள்.

ஆறையும் தட்டில் ஏந்திக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள். பிணம் எடுக்கும்வரை வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. தெரு முழுக்கச் சொந்தம். எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

தெரு முனையில் புகை தெரிந்தது. கொட்டுக்காரர்கள் அச்சாபீஸ் கழிவுக் காகிதத்தைக் கொளுத்தி, ஈரத்தில் தொய்ந்த தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சோலையம்மாள் தட்டோடு அங்கே போனாள்.

மூத்த கொட்டுக்காரர் பெத்தணன் பதறி எழுந்தார். "நீங்க எதுக்குத் தாயி இங்கன வாரீக? சொல்லிவிட்டா நான் வரமாட்டனா?"

"இதக் காய வைக்கணும்ணே."

அவர் தட்டைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு வந்து ஒளிந்தது. "கொட்டு காயிற தீயில பிளக்கு காயாதா? கொண்டாங்க. ஏலே, அட்டையப் போடுங்கலே, காகிதம் நின்னு எரியாது!"

இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் பிடித்துப் புரட்டினார். பிளக்குகளிலிருந்து நீலமாகத் தீ எழுந்து அணைந்தது. மஞ்சள், சிவப்பு லேபிள்கள் சுருண்டு எரிந்தன. அப்போதுதான் பெரிய ரோட்டில் டிராக்டர் சத்தம் கேட்டது.

"முனியராஜு வந்துட்டான்!" என்றான் யாரோ.

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கலே!" என்று கத்தினார் பெத்தணன், தன் வண்டியைப் போல.

சோலையம்மாள் காய்ந்த பிளக்குகளோடு திரும்ப ஓடி வந்தாள். பிளக்குகளுக்குக் கரண்டு பிரிக்கும் டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றினாள். உள்ளே வேர்த்திருந்தது. துடைக்க ஒரு காய்ந்த துணி இல்லை. அவள் சேலையே ஈரம். உள்ளே போய், சொந்தக்காரர்கள் கொண்டுவந்து அடுக்கியிருந்த கோடி வேட்டிகளில் ஒன்றை உருவினாள்.

"அடியேய், கோடியடி அது!" என்றாள் சுப்புத்தாய்.

"அவருக்குத்தான வந்துருக்கு."

கூட்டம் நெருங்கி நின்றது. ஒப்பாரி தானாக நின்று, பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூன்று பிளக் மாட்டியாயிற்று. முனியராஜ் டிராக்டரைத் திருப்பி நிறுத்திக் கயிற்றைப் பிரித்தான். நாலு. அவன் லாரியின் முன்னால் குனிந்து, கயிறு கட்ட இடம் பார்த்தான். ஐந்து.

"ஏலே, கைய எடுலே!" வெள்ளைத்துரையே கத்தினான். "கயிறு அண்ணன் வண்டியில பட்டுச்சு, அப்புறம் பாரு."

ஆறு.

சோக் கம்பி அறுந்து நாலு வருடமாகிவிட்டது. அன்றிலிருந்து காற்றை அடைப்பது சங்கிலிமுத்துவின் வலது உள்ளங்கைதான். அவர் பம்பரில் ஏறி, கார்புரேட்டர் வாயைக் கையால் பொத்துவார். கீழே கைப்பிடி சுற்றுவது சோலையம்மாள். "எப்ப கைய எடுக்கணும்னு உனக்குத் தெரியாது" என்பார். கேட்டுக் கேட்டு, தினமும் பார்த்துப் பார்த்து, அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அவள் பம்பரில் ஏறினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உள்ளங்கையை அந்த வட்ட வாயில் வைத்து அழுத்தினாள்.

"சுத்துங்க தம்பி."

முதல் சுற்று. வாய் அவள் கையை உள்ளே இழுத்தது. இவ்வளவு பலமாக இழுக்கும் என்று அவர் சொன்னதே இல்லை. இரண்டாவது. விரல் இடுக்கில் பெட்ரோல் குளிர்ந்தது. மூன்றாவதில் ஏதோ பிடித்தது. அவள் கையைத் துளி நகர்த்தினாள். ஒரு விரல் அளவு. இரண்டு விரல்.

லாரி உறுமியது. தடுமாறியது. இன்னொரு கையால் அவள் ஆக்சிலேட்டர் கம்பியைத் தள்ளினாள். ஆறும் பிடித்துக்கொண்டன. வெள்ளைப் புகை தெருவை மூடியது. பெத்தணன் சொல்லாமலே கொட்டு முழங்கத் தொடங்கியது. முனியராஜ் கயிற்றைத் தலைக்கு மேல் சுழற்றினான். வெள்ளைத்துரை கைப்பிடியோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

"கெளம்பிருச்சு மதினி! கெளம்பிருச்சு!"

அவள் உடனே இறங்கவில்லை. எஞ்சின் சூடாகும்வரை கை பாதி மூடியபடி இருக்க வேண்டும். அவர் அப்படித்தான் நிற்பார். சத்தம் சீரானதும் கையை முழுதாக எடுத்தாள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வாய்க்கரிசி போட அவளை அழைத்தபோது, "கையக் கழுவிட்டு வா, ஒரே கரியா இருக்கு" என்றாள் சுப்புத்தாய். சோலையம்மாள் அப்படியே அள்ளிப் போட்டாள். அரிசி கறுத்து விழுந்தது.

அவரை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்டது. முனை திரும்பும்போது கியர் மாறும் சத்தம் கேட்டது. வெள்ளைத்துரை கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான். ஆனால் அணையவில்லை. கொட்டுச் சத்தத்துக்கு மேலாக ரொம்ப தூரம்வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது.

பெண்கள் அவளை உட்காரவைத்துக் குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள்.

"கைய நீட்டு தாயி, தேச்சு விடுதேன்" என்றாள் சுப்புத்தாய்.

சோலையம்மாள் இடது கையை நீட்டினாள். வலது கையை முந்திக்குள் மூடி வைத்திருந்தாள். உள்ளங்கையில் சிவந்து பதிந்திருந்த வட்டம் இன்னும் மறையவில்லை.