பாலிஷ் போட்ட பாறைகள்

கடலுக்கடியில் எண்ணெய் தேட யாராவது வாருங்கள் என்று அரசாங்கம் மூன்றாவது முறையாக ஏலம் அறிவித்திருந்தது. முதல் முறை ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை வரியைக் குறைத்தார்கள். விண்ணப்பம் வாங்கிப் போன ஒரே ஆள் பத்திரிகை நிருபர் என்று பிறகு தெரிந்தது. இந்த முறை வரியே கிடையாது, துறைமுகத்தில் இடம் இலவசம், தோண்டி ஒன்றும் கிடைக்காவிட்டால் செலவில் பெரும்பங்கு அரசுடையது என்று சொல்லிவிட்டார்கள். வருகிறவர்களைத் தோளில் தூக்கிப் போய்க் கடலில் இறக்கிவிடுவதுதான் பாக்கி.

ஏலத்தை நடத்திய துறையின் அலுவலகப் பின்கட்டில் ஒரு கிடங்கு இருந்தது. எப்போதோ ஒரே ஒரு முறை அந்தக் கடலில் துளையிட்டபோது எடுத்த பாறைகள், உருளை உருளையாக, தட்டுகளில் அடுக்கிக் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்ட பெண்ணை எல்லோரும் பாறைக்காரி என்றார்கள். புவியியல் படித்தவள். பேச்சிலும் கிட்டத்தட்ட பாறைதான். அந்தத் துளையில் வந்தது உப்புத்தண்ணீர் என்று அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தாள். துறையின் இயக்குநர் அதை ‘வாய்ப்புகள் மேலும் ஆராயத்தக்கவை’ என்று திருத்தியிருந்தார்.

அவளுடையது ஒப்பந்த வேலை. மாத முடிவோடு சரி. ஒப்பந்த ஊழியர்கள் கிடங்குச் சாவி வைத்துக்கொள்ளக்கூடாது என்பது விதி. எனவே தினமும் அலுவலக மேலாளரிடம் கைநீட்டி வாங்க வேண்டும். ஒரே ஒரு கம்பெனி ஏலம் கேட்டாலும் வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். அம்மா அதை அதற்குள் தெரு முழுக்கப் பரப்பிவிட்டாள்.

கடைசியில் ஒரு கம்பெனி ஆள் அனுப்பியது, கற்களைப் பார்க்க. அலுவலகம் தலைகீழானது. வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்த லிஃப்ட் எழுந்து ஓடியது.

அன்று காலை கிடங்கு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே எலுமிச்சை வாசனை. கற்களெல்லாம் பளபளத்தன. நடுவில் மேலாளர் துணியும் கையுமாக நின்றார். மேசைகளுக்குப் பாலிஷ் போட்டதில் ஒரு டப்பா மிச்சமாம். ஊரே சிங்காரித்திருக்கையில் கல் மட்டும் அழுது வடிந்தால் நன்றாகவா இருக்கும் என்று அதிகாலையில் வந்து தன் கைப்படத் துடைத்திருக்கிறார்.

அந்தப் பாலிஷே பெட்ரோலிய எண்ணெயில் செய்தது என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து, பரவாயில்லை என்று கையாட்டிவிட்டுப் போனார்.

கம்பெனிக்காரர் நரைத்த தாடியோடு, சின்னப் பெட்டியோடு வந்தார். பெட்டியில் புற ஊதா விளக்கு. இருட்டில் அதைப் பிடித்தால் எண்ணெய் ஊறிய பாறை ஒளிரும். ஊறாதது கருப்பாகவே கிடக்கும். கதவைச் சாத்தச் சொல்லி விளக்கைப் பிடித்தார்.

கிடங்கு முழுக்க நீலமாய் நிலவு காய்ந்தது. ஒளிர்ந்தவை கற்கள் மட்டுமல்ல. கதவோரம் கைகட்டி நின்ற மேலாளரின் விரல்களும் ஒளிர்ந்தன. தாடிக்காரர் கற்களைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், விளக்கை அணைத்துவிட்டார். பாறைக்காரி தொண்டையைச் செருமுவதற்குள் இயக்குநர் அமைச்சருக்குப் போன் போட ஓடியிருந்தார்.

வீட்டில் சொன்னபோது அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“கேக்காத கேள்விக்கு நீ ஏண்டி பதில் சொல்லணும்?”

“ஒரு டப்பா பாலிஷை நம்பி கடலைத் தோண்டுவாங்கம்மா.”

“கத்திரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகணும். வரட்டும். உன் ஆர்டர் வந்தப்புறம் வரட்டும்.”

மறுநாள் தாடிக்காரர் விமான நிலையம் போக வாசலில் காருக்குக் காத்திருந்தார். அவள் அருகில் போய் நின்றாள். வேலை போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“சார், அந்தக் கல்லுல எண்ணெய் இல்ல. மேசைக்குப் போடற பாலிஷ். நேத்தே சொல்லியிருக்கணும்.”

“தெரியும்மா. எலுமிச்சை வாசம் வர்ற கச்சா எண்ணெய நான் பார்த்ததே இல்ல. கல்லை விட உங்க மேலாளர் விரல்லதான் நல்ல வளம்.”

“அப்ப வர மாட்டீங்களா?”

“ஏன் வராம? கிடைச்சா எங்களுக்கு, கிடைக்காட்டி உங்களுக்குன்னு உங்க அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு. எங்க முதலாளிக்குப் பாறை மேல பயம் இல்லம்மா, மனுஷங்க மேலதான். வேலையைப் பணயம் வச்சு உண்மை சொல்ற ஆள் இங்க இருக்குன்னு எழுதிட்டா அந்தப் பயமும் போயிடும்.”

தடுக்கப் போனவள் கதவை அகலத் திறந்துவிட்டு வந்தாள்.

ஏலம் கேட்டார்கள். துறையின் நேர்மை எங்களைக் கவர்ந்தது என்று கடிதத்தில் ஒரு பத்தி இருந்தது. நேர்மையா, நம் துறையிலா என்று இயக்குநர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. திட்டு வாங்கத் தயாராகப் போன பாறைக்காரியிடம் நிரந்தர ஆணையை நீட்டினார்.

“ஏம்மா, இத்தனை நாள் இந்தத் திறமையை எங்க வச்சிருந்த? திங்கக்கிழமை இன்னொரு கம்பெனி வருது. அவங்ககிட்டயும் இதே மாதிரி சொல்லிடு.”

“கல்லையெல்லாம் கழுவிட்டேன் சார்.”

“கழுவிட்டா எதைச் சொல்லுவ? மேலாளர்கிட்ட சொல்லிட்டேன், மறுபடி போட்டுடுவார்.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். “நீ உண்மையத்தானேம்மா சொல்லப்போற. பொய்யா சொல்லச் சொல்றேன்?”

அவள் கிடங்குக்கு வந்தபோது மேலாளர் டப்பாவோடு கதவைத் திறந்துகொண்டிருந்தார். எலுமிச்சை தீர்ந்துவிட்டது, ரோஜாதான் கிடைத்தது, பரவாயில்லையா என்று கேட்டார். அவள் பூட்டிலிருந்த சாவியைத் திருப்பிப் பூட்டி, உருவிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“நிரந்தரமானவங்க சாவி வச்சுக்கலாம் சார். கிடங்கைத் திறக்கணும்னா எழுதிக் குடுங்க. எதுக்குன்னும் எழுதிடுங்க.”

மேலாளர் விதிகளைக் கரைத்துக் குடித்தவர். டப்பாவைப் பார்த்தார். அதற்கு எப்படிக் காரணம் எழுதுவது என்று யோசித்தபடியே நடந்தார்.

திங்கட்கிழமை லிஃப்ட் பளபளத்தது, உள்ளே முழுக்க ரோஜா வாசனை வீசியது. கிடங்கில் கற்கள் சாம்பல் பூத்துக் கிடந்தன.