ஞாயிற்றுக்கிழமை வரை மரணம்

எல்லாரும் மேஜர் என்று கூப்பிட்டவர் பட்டாளத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. குழாய், வாஷ்பேசின், ஷவர் விற்கும் கடை வைத்திருந்தார். மீசை அவருடையது. வீட்டு முன்னறைக் கண்ணாடி அலமாரியில் இருந்த நாற்பத்தொரு பதக்கங்களும் அடுத்தவர்களுடையவை. குளியலறைக் கண்ணாடிக்கு மேல் மாட்டும் விளக்குகளைக் கடையிலிருந்து கொண்டுவந்து அலமாரிக்குள் பொருத்தியிருந்தார். அந்த வெளிச்சத்தில் எந்தத் தகரமும் தியாகமாக மின்னும்.

அவற்றில் ஒன்றின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். பழைய பித்தளைக் கடையில், சாவியில்லாத இரண்டு பூட்டுகளோடு சேர்த்து வாங்கியது. வீரச்செயலுக்கான பதக்கம். விளிம்பில் ஒரு சிப்பாயின் பெயரும் எண்ணும் பொறித்திருந்தன. வேறு விவரம் கிடைக்கவில்லை. அதுவே மேஜருக்கு வசதியாகப் போயிற்று. முதலில் வந்த விருந்தாளிகளிடம், "தனியாளா ஒரு பாலத்தைக் காப்பாத்தினவன்" என்றார். அடுத்த மாதம் சிப்பாயின் காலில் குண்டு பாய்ந்தது. அதற்கடுத்த மாதம் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டு போக, பெயர், எண், பதக்கத்தின் படம் சகிதம் வீரமரணம் அச்சேறியது.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, மேஜரின் மனைவி உள்ளே வந்து சொன்னாள்:

"என்னங்க, நீங்க சாகடிச்ச ஆளு வாசல்ல நிக்கிறாரு. டீ போடவா?"

வந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் சீட்டுக் கிழிக்கிற வேலை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை நிறையக் காகிதங்கள்.

"பென்ஷன் நின்னுபோச்சு சார். ஆபீஸ்ல உங்க செய்தியைக் கத்தரிச்சு ஃபைல்ல ஒட்டி வச்சிருக்காங்க. நேர்ல போய் நின்னேன். 'ஆள் இருக்கறது வேற, ரெக்கார்டு வேற'ன்னு கிளார்க் சொல்றாரு. தப்பாச் சொல்லிட்டேன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தாப் போதுமாம்."

மேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தக் காலைக் கொஞ்சம் காட்டுங்க."

"ரெண்டும் நல்லாத்தான் சார் இருக்கு."

"அப்ப அந்தப் பாலம்?"

"எந்தப் பாலம்? எங்க கேப்டன் குடிச்சுட்டுப் பள்ளத்துல விழுந்துட்டாரு. மேல குண்டு பறக்குது. விட்டுட்டு வர மனசில்லாம முதுகுல போட்டுத் தூக்கிட்டு வந்தேன். ரெண்டு மைல். வழியெல்லாம் என் கழுத்துலயே வாந்தி. தெளிஞ்சப்புறம் அவருக்கு அடிபட்டிருந்ததா எழுதிட்டாங்க. எனக்கு இந்த மெடல். அவருக்கு இதைவிடப் பெருசு."

பதக்கம் எப்படிக் கைவிட்டுப் போயிற்று என்று மேஜர் கேட்கவில்லை. மருமகன் வீடு மாற்றும்போது பெட்டியோடு பழைய சாமானில் போட்டுவிட்டான் என்று வந்தவர் தாமாகவே சொன்னார்.

மேஜர் காலண்டரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை இதே முன்னறையில் பதக்கக் கண்காட்சி. ஓய்வுபெற்ற பெரிய ராணுவ அதிகாரி தலைமை. அந்தச் சிப்பாய்க்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று அழைப்பிதழில் அடித்தாயிற்று.

"ஐயா, திங்கட்கிழமை முதல் வேலையா லெட்டர் தந்துடறேன்," என்று குழைந்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீங்க... இல்லாதவராவே இருந்துடுங்களேன்."

"மூணு வாரமா இல்லாமத்தானே இருக்கேன். இன்னும் நாலு நாள்தானே," என்றார் சிப்பாய்.

அவர் படியிறங்கும்போது மேஜரின் மனைவி பின்னாலேயே வந்தாள். "ஞாயித்துக்கிழமை நீங்க கண்டிப்பா வரணும்ண்ணே," என்றாள்.

வந்தார். வாடகை நாற்காலிகளின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேஜர் நாற்பது நிமிடம் பேசினார். சிப்பாய் ரத்தம் சிந்தினார், தவழ்ந்தார், "கொடியை விட்டுடாதீங்க" என்று கடைசியாகச் சொல்லிக் கண்மூடினார். கேட்டுக்கொண்டிருந்த சிப்பாய்க்கே மனசு கலங்கிவிட்டது. "பாவம்," என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னார்.

மௌன அஞ்சலிக்கு எல்லாரும் எழுந்தார்கள். ஒருவர் பையைத் தேடினார், ஒருவர் முதுகைச் சொறிந்தார். கடைசி வரிசையில் மட்டும் ஒருவர் குதிகால் சேர்த்து, நட்ட கம்பம்போல நின்றார். தலைமை தாங்கிய அதிகாரியின் கண் அங்கேயே நிலைத்தது. நிமிடம் முடிந்ததும் உரக்கக் கேட்டார்:

"அங்க நிக்கிற பெரியவரே! பட்டாளத்துல இருந்தீங்களா? பேர் என்ன?"

அதிகாரி கேட்டால் பதில் சொல்லியே பழகிய வாய் அது. யோசிப்பதற்குள் எண்ணும் பெயரும் கூரையில் மோதின.

அதிகாரி குனிந்து பதக்கத்தின் விளிம்பைப் படித்தார். ஒரு நிமிட மௌனம் மூன்று நிமிடமாயிற்று.

"அப்ப செத்தது யாரு?" என்று முன்வரிசை இன்சூரன்ஸ்காரர் கேட்டார். சிப்பாயை நடந்ததைச் சொல்லவைத்தார்கள். கேப்டனின் வாந்தி வரைக்கும் வந்ததும் அதிகாரி இருமினார். "மீதியை விட்டுடலாம்," என்றார். கூட்டத்தின் முகம் தொங்கிப்போயிற்று. நன்றாகச் செத்துக்கொண்டிருந்த மனிதர் இப்படி ஏமாற்றுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

மேஜரின் மனைவி சாவியைப் போட்டு அலமாரியைத் திறந்தாள். பதக்கத்தை எடுத்துச் சிப்பாயின் கையில் வைத்தாள்.

"உங்க பொருளை நீங்களே வச்சுக்கங்கண்ணே."

அதிகாரி கைதட்டினார். கூட்டம் தட்டியது. மேஜரும் தட்டவேண்டியதாயிற்று, உள்ளங்கை சிவக்கத் தட்டினார். கடிதத்தையும் அங்கேயே, அதிகாரி சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பென்ஷன் ஆபீஸ் கிளார்க் அதை ஃபைலில் வைத்து, சிப்பாயை உயிருள்ளோர் பட்டியலில் சேர்த்தார். பதக்கம் இப்போது எடைமேடை மேசையில் இருக்கிறது. லாரி போகும் காற்றில் சீட்டுகள் பறக்காமலிருக்க அதைத்தான் மேலே வைக்கிறார். டிரைவர்கள் கேட்டால், "ஒரு குடிகாரரைத் தூக்கினதுக்குக் குடுத்தாங்க" என்பார். ஆனாலும் காலையில் வந்ததும் அதைத் துண்டால் ஒருமுறை துடைக்காமல் வேலையைத் தொடங்குவதில்லை.

மேஜர் ஒரு வாரம் யார் முகத்திலும் விழிக்கவில்லை. பிறகு பழைய பித்தளைக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு புதுப் பதக்கத்தை எடுத்து நீட்டினார். மேஜர் விளிம்பிலிருந்த பெயரைப் படித்தார். உடனே கீழே வைத்துவிட்டார்.

"பதக்கம் இருக்கட்டும். ஆளு போய்ட்டாரா? நல்லா விசாரிச்சுட்டீங்களா? டெத் சர்டிஃபிகேட்டைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்."