இடப்பக்கம் திரும்பும் பூட்டு

"அந்தப் பூட்டப் பத்தி நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அப்பா அவளிடம் அப்படிக் கேட்டார். கடையிலிருந்து வெயிலில் ஓடி வந்திருந்தார். உள்ளங்கையில் இரும்புத்தூள் அப்படியே ஒட்டியிருந்தது. சின்னவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

இன்று காலை பத்து மணிக்கு அவர் மூச்சு நின்றது. முன்னறைக் கட்டிலில் நீட்டிக் கிடந்தவரின் விரல்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் சின்னவள். நாற்பது வருஷம் அரம் பிடித்த விரல்கள். நகத்துக்கடியில் இருந்த கறுப்பு போவேனா என்றது.

"விடுடி, அது போகாது," என்றாள் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "மண்ணுக்குள்ள நகத்தை யார் பார்க்கப் போறா? முதல்ல மண்ணு கிடைக்குதான்னு பாரு."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த போதகர் தொண்டையைச் செருமினார். அவருக்குக் கொடுத்த காபியில் ஆடை படிந்திருந்தது.

"நான் கல்நெஞ்சக்காரன் இல்லம்மா. ஆனா நான் சபைக்குப் பதில் சொல்லணும். செத்த பையன் மறுபடி பொறந்து வந்துட்டான்னு எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொன்னவர் இவர். அது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு எத்தனை தடவை இந்தப் படி ஏறியிருப்பேன்? ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தினார். சரி, போகட்டும். கடைசி நேரத்துலயாவது மனசு மாறினாரா? கூட இருந்த ஒருத்தர் சாட்சி சொன்னா எனக்குப் போதும். நம்ம கல்லறைத் தோட்டத்துல பையனுக்குப் பக்கத்துலயே இடம் இருக்கு."

"சொல்லலன்னா?" என்றாள் அத்தை.

"நகராட்சி இடுகாடு இருக்கு."

அம்மா சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். அந்தப் படியைத் தாண்டி முன்னறைக்கு அவள் வரவில்லை. புருஷன் செத்துப்போன பிறகும் வரவில்லை. பத்து வருஷமாக அவளும் அவரும் நேருக்கு நேர் பேசியதில்லை. 'சோறு ஆறுதுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு.' 'கடைச் சாவியைக் காணோமாம், உங்கம்மாகிட்டக் கேளு.' நடுவில் சின்னவள், இந்தப் பக்கத்து வார்த்தையை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போடுவாள். பிசாசு பிடித்தவனுக்குச் சமைப்பேன், அவன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்பது அம்மாவின் கணக்கு.

இப்போது எல்லாரும் சின்னவளைப் பார்த்தார்கள். கடைசி மூச்சின்போது பக்கத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அத்தை குனிந்து அவள் காதருகே வந்தாள். "ஒரு வார்த்தைடி. தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னாருன்னு சொல்லு. உன் நாக்கு தேஞ்சா போயிடும்?"

சின்னவள் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள்.

அப்பாவைத் தெருவில் சாவிக்காரர் என்பார்கள். பூட்டு ரிப்பேர். அவருடைய மூத்த பிள்ளை பொடியன் பள்ளி விட்டதும் நேரே கடைக்குத்தான் போவான். ஒன்பது வயசில் அவனும் அப்பாவும் சேர்ந்து பித்தளையில் ஒரு சின்னப் பூட்டுச் செய்தார்கள். ஊரில் உள்ள பூட்டெல்லாம் சாவியை வலப்பக்கம் திருப்பினால் திறக்கும். இது இடப்பக்கம் திருப்பினால்தான் திறக்கும், வலப்பக்கம் திருப்பினால் சாவி சிக்கிக்கொள்ளும். "நமக்கு ரெண்டு பேருக்கு மட்டும்தான்டா தெரியும்," என்று அப்பா சிரித்தபோது, பட்டறை மேஜைக்கு அடியில் ஆறு வயதுச் சின்னவள் இரும்புச் சுருள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அங்கே இருந்தது இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. அவள் எங்கே இருந்தாலும் யாருக்கும் ஞாபகம் வராது. அப்படி ஒரு பிள்ளை.

அந்த மாதமே காய்ச்சலில் பொடியன் போய்விட்டான். வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. போட்டோவைக்கூட அம்மா பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

பத்து வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு இருந்த சின்னவள், அடுத்த தெருத் தையல்காரியின் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொண்டாள். நாலு வயது. சுவரில் ஏறும், கூரையில் தொங்கும். பெயரே வாலு. சோறு ஊட்டும்போது கதை வேண்டும் அதற்கு. சின்னவளுக்குத் தெரிந்த கதை ஒன்றே ஒன்றுதான். பொடியன் மாடிப்படியில் விழுந்தது, பொடியனின் நீலச் சட்டையில் மை கொட்டியது, பொடியனின் பூட்டு. அண்ணனைப் பற்றி அவளிடம் 'அப்புறம்?' என்று கேட்ட ஒரே ஆள் உலகத்திலேயே அந்தக் குழந்தைதான். 'இடப்பக்கம் திருப்பணும், சரியா? யார்கிட்டயும் சொல்லக் கூடாது.'

வாலு யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அம்மாக்காரியோடு சாவிக்காரர் கடைக்குப் போனபோது, பலகையில் கிடந்த பித்தளைப் பூட்டை எடுத்து, சாவியைப் போட்டு இடப்பக்கம் திருப்பித் திறந்தது. 'இது என்னோடது,' என்றது.

அன்றுதான் அப்பா வெயிலில் ஓடி வந்தார். சின்னவள் தலையை ஆட்டியதும் அவர் முகத்தில் ஒன்று மலர்ந்தது. பத்து வருஷமாக அந்த முகத்தில் அவள் பார்க்காதது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் சபையில் எழுந்து நின்றுவிட்டார்.

அதற்கப்புறம் போதகர் சொன்னதை அவள் ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. "மனுஷனுக்குச் சாவு ஒரு தரம்தான். செத்தவன் ஆண்டவர் கையில இருக்கான், இன்னொரு வயித்துல வந்து பொறக்க மாட்டான். அவனோட ரகசியம் இன்னொரு வாயில வருதுன்னா, பேசறது அவன் இல்ல. அவன் உயிரோட இருந்தப்போ ஒளிஞ்சிருந்து பார்த்த ஒண்ணு. ஏமாத்துற ஆவி." சின்னவளுக்கு மேஜையின் அடிப்பக்கம் ஞாபகம் வந்தது.

வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்டது.

வாலு பள்ளிச் சீருடையில் நின்றாள். பதினாலு வயது. இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்திருந்தது. கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் பித்தளைச் சாவி. பூட்டு அப்பாவிடம், சாவி அவளிடம். அதுதான் அவர்களுடைய ஏற்பாடு. பூட்டு இப்போது கட்டிலின் தலைமாட்டு ஸ்டூலில் இருந்தது.

"சாவிப்பாவ ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன் அக்கா," என்றாள். தாத்தா என்றும் சொல்ல முடியாமல் அப்பா என்றும் சொல்ல முடியாமல் அவளாகக் கண்டுபிடித்த பெயர்.

அத்தை குறுக்கே வந்து நின்றாள். "வந்துட்டாரு மகராசன்! வாங்க! பொடியன் செத்து ஆறு வருஷம் கழிச்சுல்ல நீ பொறந்த? அந்த ஆறு வருஷமும் எந்த க்யூவுல நின்னுட்டிருந்தே? அதுவும் பாவாடை கட்டிக்கிட்டு அடுத்த தெருவுலயே வந்து இறங்கியிருக்கே. பஸ் செலவு மிச்சமா?"

"அத்தை, வழி விடுங்க," என்றாள் சின்னவள். யாருக்கும் கேட்கவில்லை.

"பார்த்துட்டுப் போயிடறேன், அவ்ளோதான்," என்றாள் வாலு.

"எதைப் பார்க்கப் போறே? இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் உறிஞ்சியாச்சு. சபையில மரியாதை போச்சு. பொண்டாட்டி பேச்சும் போச்சு. இப்போ குழியும் போச்சு. ஐயா, பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்களே! பொணத்துக்கிட்டக்கூட விடாது போலிருக்கு."

போதகர் எழுந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. "மகளே, கிட்ட வராதே," என்று வலக்கையைத் தூக்கினார்.

வாலுவின் தோள்கள் காதுவரை ஏறின. அவளுக்கு அந்தக் கை ஞாபகம் இருந்தது. நாலு வயதில், அப்பா கடைக்குப் போயிருந்தபோது, இதே அறையில் அந்தக் கை அவள் தலையை அழுத்தியது. அத்தை கால்களைப் பிடித்துக்கொண்டாள். 'பேரைச் சொல்லு, வெளியே போ' என்று முக்கால் மணி நேரம். குழந்தை சிறுநீர் விட்டுவிட்டது. அந்த ஈரத்தைத் துடைத்தது சின்னவள். அன்றும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஐயா," என்றாள்.

இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. அவளுக்கே தன் குரல் பெரிதாக இருந்தது.

"கையை இறக்குங்க. அவளுக்குள்ள ஒண்ணும் இல்ல. நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"எல்லாம். பூட்டு, எந்தப் பக்கம் திருப்பணும், எல்லாம். நான் மேஜைக்கு அடியில இருந்தேன், எனக்குத் தெரியும். சோறு ஊட்டறப்போ கதையாச் சொன்னேன். அப்பா கேட்டாரு, சொன்னியான்னு. இல்லன்னேன்."

தெருவில் ஒருவன் பழைய பேப்பர் வாங்கக் கூவிக்கொண்டு போனான்.

"பாவி," என்றாள் அத்தை. "பாவி. பத்து வருஷம் நாங்க இல்லாத ஒண்ணை விரட்டிட்டிருந்தோமா?"

போதகர் மெல்ல உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கடைசியா என்ன சொன்னார்? உண்மையைச் சொல்லும்மா."

"'கடையப் பூட்டிட்டியா'ன்னு கேட்டாரு. பூட்டிட்டேன்னு சொன்னேன். அவ்வளவுதான். தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லல. சொல்ல வேண்டியது அவர் இல்ல."

போதகர் ஆடை படிந்த காபியை நகர்த்தி வைத்தார். "ஆவியோட உறவு வச்சவர்னுதான் நான் அவரைத் தள்ளி வச்சேன்," என்றார். தனக்குத் தானே சொல்வதுபோல இருந்தது. "இவர் ஏமாந்தவர். ஏமாந்ததுக்காக யாரையும் வெளியில புதைக்கணும்னு வேதம் சொல்லலை." எழுந்து ஜன்னலருகே போய் போனை எடுத்தார். "பெட்டிய அனுப்புங்க. ஆமா, நம்ம தோட்டத்துக்குத்தான். பையன் பக்கத்துல."

அம்மா நிலைப்படியைத் தாண்டினாள். கட்டிலருகே வந்து, வெளிப்பக்கம் சாய்ந்திருந்த அவருடைய இடது பாதத்தை நேராக்கி வைத்தாள். "என்னங்க," என்றாள். மகளின் பக்கம் திரும்பவே இல்லை.

வாலு வாசலிலேயே நின்றாள். இப்போது அவளை யாரும் தடுக்கவில்லை. யாரும் அவளைப் பார்க்கக்கூட இல்லை.

"அக்கா," என்றாள். "மாடிப்படியில விழுந்தது எனக்கு ஞாபகம் இருக்கே. முட்டி வலிச்சதுகூட."

"நான் சொன்னது, வாலு."

"நீலச் சட்டை?"

"அதுவும்."

"மை கொட்டினதுக்கு அம்மா அடிக்கல, சிரிச்சாங்க. அது?"

சின்னவள் ஈரத்துணியை மடித்தாள். மடித்ததையே மறுபடியும் மடித்தாள். "அதுவும்தான்டா," என்றாள்.

வாலு உள்ளே வந்தாள். கட்டிலைச் சுற்றித் தலைமாட்டுக்குப் போனாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கழுத்துக் கயிற்றைத் தலைவழியே கழற்றினாள். அவிழ்ந்த பின்னலில் அது சிக்கியது, இழுத்து எடுத்தாள். ஸ்டூலில் இருந்த பூட்டைக் கையில் எடுத்துச் சாவியைப் போட்டாள்.

முதலில் வலப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். நகரவில்லை. பிறகு இடப்பக்கம் திருப்பினாள். எப்போதும் போலக் கிளிக்கென்று திறந்துகொண்டது.

திறந்த பூட்டைச் சாவியோடு ஸ்டூலில் வைத்தாள். சின்னவள் கையை நீட்டினாள். வாலு அந்தக் கையைத் தொடாமல் விலகி வாசலுக்குப் போய், செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.