சோதனைக்குப் போட்ட பெயர்

இறந்தவரின் பெயர் என்று கேட்கும் கட்டத்தில் உயிரோடு இருப்பவனின் பெயரை எழுதக்கூடாது. இதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கம்ப்யூட்டர் படித்த ஷெர்லிக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தேதான் எழுதினாள். கோபம் கண்ணை மறைத்தால் படிப்பு என்ன செய்யும்?

விஷயம் இதுதான். மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங்கில் டொனால்டின் பூக்கடை என்றால் தெரியாதவர் இல்லை. கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டால் மனிதருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஈப்போ, கோலாலம்பூர், ஜொகூர் என்று பிழைக்கப் போன எஸ்டேட் பிள்ளைகள் எல்லாம், "அங்கிள், அப்பாவுக்கு ஒரு மலர் வளையம் வச்சிருங்க" என்று வாட்ஸாப்பில் எழுதிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். எந்த அப்பா, எந்தக் கல்லறை என்று தேடி அலைவது இவர் பாடு. போன வருடம் இரண்டு அந்தோணிகளுக்கு வளையம் மாறிப்போய், இரண்டு குடும்பமும் கடைக்கே வந்து சத்தம் போட்டது.

கடைக்கு ஏற்கெனவே ஒரு வெப்சைட் இருந்தது. படம் காட்டும், அவ்வளவுதான். "அதுல ஒரு ஷாப்பிங் கார்ட் வச்சிக் குடுமா. அவங்களே வளையத்த எடுத்துப் போட்டு, பேரையும் அவங்களே எழுதட்டும்லா" என்று ஷெர்லியிடம் கேட்டார். அவளும் சரியென்று வேலை முடிந்து வந்த மாலைகளில் உட்கார்ந்து செய்தாள்.

நன்றாகவே செய்தாள். குறை சொல்ல முடியாது. ஊர் வழக்கத்தைக்கூட மறக்கவில்லை. கல்லறை இந்த ஊர்க் கல்லறை மேட்டில் இருந்தால் வளையம் அதன்மேல் போகும். வேறு ஊரில் அடக்கமானவர்களுக்கு, மேட்டின் நடுவிலுள்ள பெரிய சிலுவையடியில் வைத்து, கோயில் உபதேசியார் ஒவ்வொரு பெயராக உரக்க வாசிப்பார். அதனால் கல்லறை எண்ணைக் காலியாக விட்டால் 'பெரிய சிலுவை' என்று தானாகப் பதிவாகும்படி எழுதியிருந்தாள். ஆர்டர் வந்ததும் ரிப்பனும் வாசிக்கும் பட்டியலும் கடையிலேயே அச்சாகிவிடும்.

கடைசி நாளில்தான் ஒரு கோளாறு முளைத்தது. ஒரே கார்ட்டில் இரண்டு வளையம் போட்டால் இரண்டிலும் ஒரே பெயர் விழுந்தது. மறுபடியும் அந்தோணி சண்டையா என்று பயந்துபோய்ச் சரிசெய்தாள். சரியாகிவிட்டதா என்று பார்க்க இரண்டு பெயர் வேண்டும். முதல் பெயருக்கு யோசிக்கவே இல்லை. நான்கு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்த அப்பா பிரெட்ரிக்குக்கு எப்படியும் வளையம் வாங்கத்தான் வேண்டும். இரண்டாவதற்கு ஏதாவது கிறுக்கியிருக்கலாம். விரல்கள் எட்ரியன் பிரெட்ரிக் என்று அடித்தன. கல்லறை எண்ணைக் காலியாக விட்டாள்.

எட்ரியன் அவளுடைய அண்ணன். ஜொகூருக்கு லோரி ஓட்டப் போனவன். அப்பா மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது ஒரு தடவையும் எட்டிப் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்து ஆட்கள் கலையும் நேரத்தில் வந்து நின்றான். ஷெர்லி ஊரே பார்க்க, "எங்களப் பொறுத்தவரைக்கும் நீயும் செத்துட்ட, போ" என்றாள். அவன் போய்விட்டான். அதோடு அவள் அவனிடம் பேசவில்லை. அம்மா வெரோனிகாவுக்கு மட்டும் போன் செய்வான். "நல்லாருக்கான்" என்று அம்மா தானாகவே சொல்வாள். இவள் காது கேட்காத மாதிரி பாத்திரம் கழுவுவாள். அம்மாவுக்கு இருந்த ஒரே ஆசை, தான் கண்ணை மூடுவதற்குள் இரண்டு பிள்ளைகளும் பேசிவிட வேண்டும் என்பது. ஷெர்லிக்கும் மனது இளகித்தான் இருந்தது. இந்தக் கிறிஸ்மஸுக்குத் தானே கூப்பிடலாம் என்று நினைத்திருந்தாள். ஆனாலும் அன்றைக்கு அப்பாவின் பெயரை அடித்த கையோடு பழைய ஆத்திரம் வந்துவிட்டது.

இரண்டு பெயரும் சரியாக விழுந்தன. பிறகு சோதனை ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தாள். இந்த ஒன்றில் மேலே அப்பாவின் பெயர் இருந்தது. இது நிஜ ஆர்டர் என்று விட்டுவிட்டாள். அதே ஆர்டருக்குள் இரண்டாம் வரியில் அண்ணன் இருந்தது அவள் புத்திக்கு எட்டவில்லை.

திருநாளன்று காலை பனி விலகாத நேரத்திலேயே அம்மாவைக் கைபிடித்துக் கல்லறை மேட்டுக்கு அழைத்துப் போனாள். அப்பாவின் கல்லறையில் வளையம் சரியாக இருந்தது. வாங்கியவர்கள் எல்லாம் அவளைப் பார்த்து, ரொம்ப சுலபமா இருந்துச்சி ஷெர்லி என்றார்கள். பெருமையாகத்தான் இருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பெரிய சிலுவைப் பக்கம் திரும்பினாள்.

மூன்றாவது வளையத்தில் கறுப்பு ரிப்பன். வெள்ளை எழுத்து. எட்ரியன் பிரெட்ரிக்.

  உபதேசியார் பட்டியலைப் பிரித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஷெர்லி கூட்டத்தை இடித்துத் தள்ளி டொனால்டிடம் போய் அவர் கையைப் பிடித்தாள்.

"அங்கிள், அந்த மூணாவது வளையம் டெஸ்ட்டு. தெரியாம வந்துருச்சி. எடுத்துருங்க, அம்மா பாக்கறதுக்குள்ள எடுத்துருங்க."

டொனால்ட் ரிப்பனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்ன காரியம் பண்ணிட்ட" என்று முணுமுணுத்துவிட்டு சிலுவைப் பக்கம் நடந்தார். ஆனால் பட்டியல் அவருக்கு முன்னால் ஓடியது. உபதேசியாரின் குரல் கணீரென்று மேடு முழுக்கக் கேட்டது. முதல் பெயர். இரண்டாம் பெயர். மூன்றாவதாக, எட்ரியன் பிரெட்ரிக்.

கூட்டத்தில் நாலைந்து தலைகள் வெடுக்கென்று திரும்பின. ஷெர்லி அம்மாவிடம் ஓடினாள். பெற்ற மகனைச் செத்தவர் கணக்கில் சேர்த்த பாவியை எந்தத் தாய் மன்னிப்பாள்? இன்றோடு அம்மாவும் எனக்கில்லை என்றே நினைத்தாள். காலில் விழுந்துவிடலாம் என்றுதான் போனாள்.

அம்மா அலறவில்லை. மயங்கவில்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். மகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

"யாரு ஒனக்கு சொன்னா?"

"என்னம்மா?"

"ஒங்கண்ணன் போய்ட்டத."

ஷெர்லிக்குக் காதில் விழுந்தது. புரியத்தான் இல்லை. அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ஜூலைல அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் போறேன்னு சொன்னேன்ல. அங்க போகல. சிகாமாட் பக்கத்துல லோரி கவுந்துருச்சி பாப்பா. அவன் கூட்டாளிங்கதான் போன் அடிச்சாங்க. குளுவாங்ல மண்ணுல வச்சிட்டு வந்தேன்."

"நாலு மாசமா நல்லாருக்கான்னு சொன்னீங்க."

"பின்ன என்ன சொல்லுவேன்? நீ சொன்ன வார்த்த நடந்துருச்சின்னு ஒடிஞ்சி போயிருவ. அவனக் குடுத்துட்டேன், ஒன்னையும் குடுக்க முடியுமா?"

 யார் மேல் ஷெர்லி இத்தனை வருடம் கோபத்தைக் காத்து வைத்திருந்தாளோ, அவன் ஜூலையிலேயே இல்லை. கிறிஸ்மஸுக்குக் கூப்பிட நினைத்த எண்ணை எடுக்க ஆளில்லை. அழுகைகூட வரவில்லை அவளுக்கு. 

அம்மாவின் கண் அப்போதுதான் நிறைந்தது. மகளின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு தடவ போன் பண்றப்பவும், தங்கச்சிக்கு கோவம் போயிருச்சாம்மான்னு கேப்பான். போவும்யா போவும்னு சொல்லுவேன். இன்னிக்கி நீ வளையம் வாங்கி, எல்லார் முன்னாலயும் அவன் பேர வாசிக்க வச்சிட்ட. எனக்கு இது போதும்மா."

இல்லை அம்மா, அது சோதனைக்கு என்று வாய்வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது. இந்த ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து டொனால்ட் வந்து சேர்ந்தார். கையில் அந்த வளையம். முகமெல்லாம் வியர்வை. "வெரோனிகா, நீங்க மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க, இது வந்து..." என்று ஆரம்பித்தார்.

ஷெர்லி அவர் கையிலிருந்து வளையத்தை வாங்கிக்கொண்டாள்.

"குடுங்க அங்கிள். எங்கண்ணனுக்கு நான் வாங்குனது. நானே வைக்கிறேன்."