மேற்கோள்குறிக்கு அப்புறம்

மூன்றாவது வாரமும் கணினிப் படிவத்தின் குறிப்புப் பெட்டியில் ‘இவளை’ என்ற ஒற்றைச் சொல்தான் நின்றது. மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் அந்த இல்லத்துக்குப் அந்தப் படிவங்களை உருவாக்கும் ஸ்கிரிப்டை, அதாவது கணினி நிரலை, எழுதிய பெண்ணை நேரிலேயே வரவழைத்திருந்தார்கள்.

“பாவம் அவரு,” என்றாள் நர்ஸ், குரலைத் தாழ்த்தி. “பொண்டாட்டிக்கு வந்தது அவருக்கும் வந்துடுச்சோன்னு பயமா இருக்கு. வாரா வாரம் அவங்களைப் பத்தி டைப் பண்றாரு, ஒரு வார்த்தையோட நிறுத்திடறாரு.”

அவர் ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர். “முழுசாத்தாம்மா எழுதினேன்,” என்றவர், “எழுதினேன்னுதான் நினைக்கிறேன்,” என்று இழுத்தார்.

“என் கண்ணெதிர்ல ஒரு தடவை எழுதுங்க சார்,” என்றாள் ஸ்கிரிப்ட் எழுதியவள்.

ஒற்றை விரலால் தட்டினார்: இவளை "வாலு"ன்னு கூப்பிட்டாத்தான் திரும்பிப் பார்ப்பா.

நர்ஸ் காய்ச்சல் அளவைக் குறிக்கப் படிவத்தை மறுபடி திறந்தாள். பெட்டியில் ‘இவளை’ மட்டும். ஸ்கிரிப்ட் எழுதியவளுக்குச் சுரீரென்றது. பெட்டிக்குள் போகும் எழுத்தை இரண்டு மேற்கோள்குறிகளுக்கு நடுவில் வைப்பது அவளுடைய ஸ்கிரிப்ட். அவர் போட்ட குறியைப் பார்த்ததும், எழுத்து முடிந்துவிட்டது என்று கணினி மிச்சத்தை உதறியிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் நர்ஸ் அதை அப்படியே சேமித்ததும், உள்ளே இருந்த முழு வாக்கியமும் அழிந்திருக்கிறது.

“தப்பு உங்க மேல இல்ல சார். என் மேல.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணுமே இல்ல.”

“இப்போதைக்கு அந்தக் குறி இல்லாம எழுதிடுங்களேன்,” என்றாள் நர்ஸ்.

“அதெப்படிம்மா? நாப்பது வருஷம் ஊரான் விட்ட குறியெல்லாம் போட்டுக் குடுத்தவன். என் பொண்டாட்டி பேருக்குப் போடாம விடுவேனா?”

அவள் அங்கேயே மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். மேற்கோள்குறி, கோண அடைப்பு என்று வம்பு பண்ணும் ஒவ்வொன்றும் பெட்டிக்குள் போகுமுன் அதற்குரிய மாற்றுக் குறியீடாகும்படி செய்தாள். அவர் வேண்டுமென்றே குறிகளாக அள்ளிப்போட்டுச் சோதித்தார். எதுவும் கழன்று விழவில்லை. பிறகு அந்த ‘வாலு’ வாக்கியத்தையே மறுபடி தட்டி வைத்தார்.

மதியம் பணிக்கு வந்த புது நர்ஸ் படிவத்தைப் படித்துவிட்டு அறைக்குள் போனாள். அவரும் ஸ்கிரிப்ட் எழுதியவளும் நடைபாதையிலேயே நின்றுகொண்டார்கள்.

“வாலு!”

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அவர் மனைவி சட்டென்று திரும்பினாள். வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.